காலையில் மட்டும் பம்மிய காரும் 950 ரூபாய் ஸ்கேனரும்

இந்த ஸ்கேனர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற நீல பிளாஸ்டிக் கூடு, ஒரு பக்கத்தில் பதினாறு பின். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கென்று உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகினால் புளூடூத் வழியாகப் போனுக்குத் தகவல் அனுப்பும். தயாரித்தவர் பெயர் எதுவும் அதன்மேல் இல்லை. இஎல்எம்327 என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. போன டிசம்பரில் 950 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு மாதம் ஆகிறது.

எதற்காக வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இது நல்லதா, வாங்கலாமா என்று சொல்ல முடியும். அதனால் முதலில் காரைப் பற்றி.

எங்கள் வீடு கோத்தகிரியில். நான் குன்னூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. தினமும் கட்டபெட்டு வழியாக இருபது கிலோமீட்டர் போக வேண்டும், இருபது வர வேண்டும். கார் 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், ஓடியது 78,000 கிலோமீட்டர். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் சந்து நூறு மீட்டர்தான், ஆனால் நல்ல ஏற்றம். ஏறி முடிகிற இடத்தில் ரோடு வளைகிறது. காலை ஏழு மணிக்கு அந்த வளைவில் பஸ்ஸும் வரும், காய்கறி லாரியும் வரும். வண்டி வரவில்லை என்று பார்த்து ஒரே மூச்சில் ரோட்டில் ஏறிவிட வேண்டும்.

அங்கேதான் பிரச்சினை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுத்து உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். ஐட்லிங்கும் ஒருமாதிரி நிற்கும். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. ஒரு விநாடி, ஒன்றரை விநாடி அப்படியே பம்மும். இன்ஜின் முக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம் திடீரென்று ஒரு ஜெர்க் அடித்து இழுக்கும். அந்த ஒன்றரை விநாடிக்குள் நான் பாதி ரோட்டில் நின்றுகொண்டிருப்பேன். நவம்பரில் ஒரு நாள் பஸ் டிரைவர் பிரேக் அடித்து நிறுத்தி, என்னைப் பார்த்துக் கையை விரித்தார். பின்சீட்டில் என் மகள் இருந்தாள். அன்று பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

கட்டபெட்டைத் தாண்டிவிட்டால் கார் நல்ல பிள்ளை. நான்காவது கியரில் மிதித்தாலும் இழுக்கும். மாலையில் வெயிலில் நின்ற காரை எடுத்தால் எந்தக் குறையும் இருக்காது. காலையில் மட்டும், முதல் நான்கு ஐந்து கிலோமீட்டர் மட்டும்.

சமவெளியில் ஒரு பெரிய கராஜில் காட்டினேன். மலையிறங்கிப் போய்ச் சேரும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்கும். ஓட்டிப் பார்த்தார்கள், குறை தெரியவில்லை. நான்கு பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடி கழுவினார்கள், இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள், ஏர் ஃபில்டர் புதிதாகப் போட்டார்கள். மொத்தம் 6,400 ரூபாய். மறுநாள் காலை அதே சந்து, அதே பம்மல். இரண்டாவது முறை போனபோது பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள், 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "மாற்றிப் பார்க்கலாம்" என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னதும் அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "டீச்சர், சூடான வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு குளிர்ல நடக்கறதச் சொன்னா நான் எதைங்க பாக்கறது? ராத்திரி முழுக்க ஆறின வண்டியத்தான் பாக்கோணும்" என்றார். நியாயம்தானே! மூன்று வாரமாக நான் செய்த தவறு அதுதான்: காய்ச்சல் விட்ட பிறகே பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

அதே வாரம் அக்கா மகன் வந்திருந்தான். கோயம்புத்தூரில் ஆட்டோமொபைல் படிக்கிறான். அவன்தான் இந்த ஸ்கேனரைப் பற்றிச் சொன்னான். "சித்தி, இதுல கோடு எதுவும் வராது. செக் இன்ஜின் லைட் எரியலேல்ல? ஆனா லைவ் டேட்டா பாக்கலாம். காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாருங்க" என்றான். கோடு என்று அவன் சொன்னது, கோளாறு தெரிந்தால் காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்துகொள்ளும் குறியீட்டை. அவனிடமிருந்த ஒன்றையே முதலில் என் காரில் செருகினோம். அது சேரவே இல்லை. அவனுடைய நண்பன் வீட்டுப் புதுக் காரில் நன்றாக வேலை செய்ததாம். வாங்குகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இஎல்எம்327 என்பது கனடாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் உருவாக்கிய சிப்பின் பெயர். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். அவற்றில் சில, புதுக் கார்களின் கேன் இணைப்பை மட்டும் பேசும், பழைய கார்களின் கே-லைனைப் பேசாது. இரண்டும் காரின் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் பேசிக்கொள்ளும் முறைகள். என் கார் கே-லைன். "எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிற இடத்தில் வாங்குங்கள். நான் வாங்கியது முதல் தடவையே சேர்ந்துவிட்டது. புளூடூத்தில் 1234 என்று எண் கேட்டது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போனில் டார்க் (Torque) என்ற செயலியைப் போட்டுக்கொண்டேன். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வகைப் பழைய புளூடூத் ஸ்கேனர் சேராது. அவர்கள் வைஃபை வகையோ, ஐபோனுக்குப் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லும் வகையோ வாங்க வேண்டும்.

செயலியைத் திறந்ததும் நூறு அளவுகள் வரிசையாக வரும். எல்லாவற்றையும் திரையில் வைத்தால், கே-லைன் மெதுவானது என்பதால், ஒவ்வொரு எண்ணும் மூன்று நான்கு விநாடிக்கு ஒருமுறைதான் மாறும். பம்மல் ஒன்றரை விநாடியில் முடிந்துவிடுகிறதே! அதனால் எனக்கு வேண்டியது மூன்றுதான் என்று முடிவு செய்தேன்: கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை, இன்டேக் மானிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தம்.

ஏன் இந்த மூன்று என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரவு முழுவதும் வெளியில் நின்ற காரில் எல்லாமே ஒரே சூட்டில்தான் இருக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கும் கூலன்ட்டும் காற்றும் ஒன்றுதான். அப்படியானால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பிப் பார்த்தால், கூலன்ட் சென்சாரும் காற்று சென்சாரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் இருக்கக் கூடாது. அழுத்தமும் அப்படித்தான். இன்ஜின் ஓடாதபோது மானிஃபோல்டுக்குள் இருப்பது வெளிக்காற்றுதான். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே 82 பக்கம் வர வேண்டும். சுத்தியல், ஸ்பானர் எதுவும் எடுக்காமல், இன்ஜினை ஓடவிடாமலேயே மூன்று சென்சாரைச் சோதித்துவிடலாம்.

ஜனவரி இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை. ஊட்டி அளவுக்கு எங்கள் பக்கம் உறைபனி விழாது. ஆனாலும் அன்று கார் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஈரம் படிந்திருந்தது. பள்ளி ஆய்வகத்து வெப்பமானி ஒன்றை முந்தின இரவே காரின் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். காலை ஆறேகாலுக்கு அது 10 டிகிரி காட்டியது. சால்வையைப் போர்த்திக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்கேனரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. போன் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அழுத்தம் 82. சரி.

காற்று 11 டிகிரி. சரி.

கூலன்ட் 31 டிகிரி.

சாவியை அணைத்து மறுபடி போட்டேன். 31. வெளியே இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. 31 டிகிரி என்பது மேட்டுப்பாளையத்து மதிய வெயில். என் கார் ராத்திரி முழுக்கப் பனியில் நின்றுவிட்டு, தான் மேட்டுப்பாளையத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

இதனால் ஏன் பம்ம வேண்டும் என்று கேட்கலாம். எரிவது திரவ பெட்ரோல் இல்லை, ஆவி. சூடான இன்ஜினில் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் உடனே ஆவியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் அதில் ஒரு பங்கு இன்டேக் குழாயின் சுவரிலும் வால்வின் பின்புறத்திலும் ஈரமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். குளிர்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்குமே, அப்படி. நிதானமாக ஓடும்போது ஒட்டுகிற அளவும் உரிகிற அளவும் சமமாகிவிடும், அதனால் ஐட்லிங் சமாளித்துவிடும். மிதித்ததும் கதை மாறுகிறது. காற்று ஒரே பாய்ச்சலில் உள்ளே வருகிறது, மானிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏறினால் ஆவியாவது குறைகிறது, சுவரில் ஒட்டுவது கூடுகிறது. அந்த நொடியில் சிலிண்டருக்குள் போவது காற்று மிகுந்த கலவை. 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்கிற கணக்கு அங்கே செல்லாது. அதை ஈடுகட்டத்தான், இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு இசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது. எவ்வளவு குளிர் என்பதை அதற்குச் சொல்வது இந்த ஒரு கூலன்ட் சென்சார்தான். 10 டிகிரிக்கு வேண்டியதைக் கொடுக்காமல் 31 டிகிரிக்கு வேண்டியதைக் கொடுத்தால் பம்மாமல் என்ன செய்யும்?

சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருக்கிறது, அது கலவையைப் பார்த்துத் திருத்தும். ஆனால் அது ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடாகாமல் வேலை செய்யாது. ஸ்டார்ட் செய்த புதிதில், திருத்த ஆள் இல்லாமல், சென்சார் சொன்னதை நம்பித்தான் இசியு ஓட்டுகிறது. இதனால்தான் பொய் சொல்கிற சென்சார் காலையில் மட்டும் மாட்டிக்கொள்கிறது.

என் அப்பா எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தார். எஸ்டேட் அம்பாசிடரை அவர்தான் காலையில் எடுப்பார். டேஷ்போர்டில் சோக் குமிழ் இருக்கும். வெளியே வந்து நின்று, ஊதினால் வாயில் எவ்வளவு புகை வருகிறது என்று பார்ப்பார். அதற்குத் தகுந்த மாதிரி சோக்கை முழுக்க இழுப்பார், அல்லது பாதி. அப்பாவின் அந்தக் கை செய்த வேலையை இன்றைக்கு இந்தச் சுண்டுவிரல் அளவு சென்சார் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். கையில் மல்டிமீட்டர். ஸ்கேனரில் 31 என்று வந்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "இன்னும் ஸ்டார்ட் பண்ணலீங்கல்ல டீச்சர்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கையை விட்டு சென்சாரின் கனெக்டரைக் கழற்றினார். பின்களின் அடியில் பச்சைக் களிம்பு. துடைத்துவிட்டு மீட்டரை வைத்தார். 1.6 கிலோ ஓம்.

இந்த வகை சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம்: சூடு ஏறினால் மின்தடை குறையும். 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் பக்கம், 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம் பக்கம். 10 டிகிரியில் 3.7 வர வேண்டும். வந்தது பாதிக்கும் குறைவு.

அவர் சென்சாரைக் கழற்றிப் புதியதைப் போட்டார். இன்ஜின் ஆறியிருந்ததால் ஒரு டம்ளர் கூலன்ட்தான் ஒழுகியது. 19 ஸ்பானர், ஒரு புது வாஷர், பதினைந்து நிமிஷம். சென்சார் 420 ரூபாய், கூலி கேட்கவே இல்லை, நான்தான் 300 கொடுத்தேன். பழையதைத் தூக்கிப் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் வாங்கி வந்திருந்த சென்சார் இரண்டு. பொருந்தாவிட்டால் என்று கூடுதலாக எடுத்து வந்த இன்னொன்றைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளக் கேட்டேன்.

அன்று மதியம் சமையலறையில் ஒரு சொம்பில் வெந்நீர் வைத்து, பழைய சென்சாரையும் புதிய சென்சாரையும் நூலில் கட்டி ஒன்றாக இறக்கினேன். நடுவில் வெப்பமானி. 80 டிகிரியில் புதியது 0.32 காட்டியது, பழையது 0.29. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். தண்ணீர் ஆற ஆற இரண்டும் விலகத் தொடங்கின. கடைசியில் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி 10 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். புதியது 3.7, பழையது 1.6. என் மகள் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

விஷயம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பழைய சென்சாருக்குள் ஈரம் இறங்கி, தெர்மிஸ்டருக்குப் பக்க இணைப்பில் இன்னொரு கசிவுப் பாதை உண்டாகியிருக்கிறது. கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 2.8 கிலோ ஓம். குளிரில் தெர்மிஸ்டர் 3.7 இருக்கும்போது பக்கத்தில் 2.8 சேர்ந்தால் மொத்தம் 1.6 ஆகிவிடுகிறது. அது 31 டிகிரிக்கு உரிய எண். ஆனால் சூட்டில், 85 டிகிரியில், தெர்மிஸ்டரே 280 ஓம்தான். அதன் பக்கத்தில் 2,800 ஓம் சேர்ந்தால் 255. மூன்று நான்கு டிகிரி பிசகும், அவ்வளவுதான். ஒரே கோளாறுதான், குளிரில் இருபது டிகிரி பொய், சூட்டில் கிட்டத்தட்ட உண்மை. கராஜில் சூடான காரில் இந்த சென்சாரைச் சோதித்திருந்தாலும் நல்ல சென்சார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரியாததற்கும் காரணம் இதுவே. வயர் அறுந்தாலோ, ஒட்டிக்கொண்டாலோ, நடக்கவே முடியாத ஒரு எண் வந்தாலோதான் இந்த மாதிரிக் கார்களில் இசியு பெரும்பாலும் கோடு போடும். காலையில் 31 டிகிரி என்பது தமிழ்நாட்டில் பாதி ஊர்களில் நடக்கிறதுதான். அதைத் தவறென்று கார் எப்படிச் சொல்லும்? ஆகவே இந்த ஸ்கேனரைக் கோடு படிக்கிற கருவி என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இதே கருவியைச் செருகி, "கோடு இல்லை, கார் நன்றாக இருக்கிறது" என்று கழற்றிவிடுவது மிக எளிது. அந்தக் கராஜில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை சாவியைப் போட்டேன். காற்று 10, கூலன்ட் 10. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் 1,350க்கு ஏறி நின்றது, ஒரு நிமிஷத்தில் மெதுவாக இறங்கத் தொடங்கியது. முன்பெல்லாம் குளிரிலும் ஆயிரத்தில்தான் நிற்கும். அது அமைதியான இன்ஜின் என்று நினைத்திருந்தேன், அதுவே ஓர் அறிகுறி என்பது தெரியவில்லை. சந்தில் ஏறினேன். வளைவில் நின்று பார்த்தேன். மிதித்தேன். கார் உடனே இழுத்தது. கட்டபெட்டு வரை நான் வானொலியைக்கூடப் போடவில்லை, இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன்.

பெட்ரோல் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சென்சார் மாற்றுவதற்கு முன்பே, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, செயலியில் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்த்து வைத்திருந்தேன். ஆக்சிஜன் சென்சார் சொன்னதைக் கேட்டு இசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டியிருக்கிறது, குறைத்திருக்கிறது என்பதன் சதவீதம் அது. பூஜ்யத்தை ஒட்டி, பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. பம்ப் பலவீனமாக இருந்தால் ஏற்றத்தில், வேகத்தில் அந்த எண் ஏறிக்கொண்டே போகும். இன்டேக் மானிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட்டில் காற்று கசிந்தால் பொதுவாகத் தலைகீழ்: ஐட்லிங்கில் எண் அதிகமாக இருக்கும், 2,500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் செய்தால் குறையும். என் காரில் ஐட்லிங்கில் 3, கோடநாடு போகும் ஏற்றத்திலும் 3. பம்பும் சரி, கேஸ்கெட்டும் சரி. அந்த 9,000 ரூபாய் மிச்சமானது இந்த எண்ணால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேஸ்கெட் கசிவைக் கண்டுபிடிக்க, ஓடுகிற இன்ஜினின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பார்கள். அது தீப்பற்றும் திரவம். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள்.

பெட்ரோலையும் நான் சந்தேகப்பட்டேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும், குளிரில் அது எளிதில் ஆவியாகாது. எங்கள் ஆசிரியர் வாட்ஸப் குழுவில் கார் இருமினாலும் தும்மினாலும் எத்தனால்தான் காரணம் என்பார்கள். குளிரில் அது கொஞ்சம் சேர்த்துப் படுத்தும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் சென்சார் மாற்றிய அன்று டேங்கில் இருந்தது அதே பெட்ரோல்தான். பம்மல் போய்விட்டதே.

ஸ்கேனரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது இணைப்பு அறுந்துவிடும், கழற்றிச் செருக வேண்டும். செயலி முழுக்க ஆங்கிலம். சாக்கெட் என் காரில் ஃப்யூஸ் பெட்டிக்குப் பக்கத்தில், தலையைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இருக்கிறது, டார்ச் இல்லாமல் முடியாது. செருகியே வைக்கவும் கூடாது. அந்த சாக்கெட்டில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், கார் அணைந்த பிறகும் ஸ்கேனர் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் செருகியபடி விட்டுவிட்டேன், ஐந்தாம் நாள் செல்ஃப் எடுக்கத் திணறியது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, செயலியில் கோடுகளை அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். கோடோடு சேர்த்து, அது விழுந்த நேரத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் போய்விடும். பல கார்களில் இசியு கற்றுவைத்த ஃபியூயல் ட்ரிம்மும் போய்விடும். மெக்கானிக் பார்க்க வேண்டிய தடயமே அதுதான். ஒரு முறை தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதனால் பயனில்லை, சாக்கெட்டே இருக்காது. அவர்கள் குளிரில் பம்மினால் சோக்கையும், கார்புரேட்டருக்குள் ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயாஃப்ரத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் வைத்திருந்தால் இந்த ஸ்கேனரைத் தயங்காமல் வாங்கலாம். மலையில் இருப்பவர்கள் கட்டாயம் வாங்கலாம் என்பேன். சமவெளியில் 28 டிகிரி காலையில் இந்த சென்சார் இவ்வளவு பெரிய பொய் சொன்னாலும் கார் அதைத் தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்காது.

ஒரு விஷயம் கூடுதலாக. ஏப்ரலில் மேட்டுப்பாளையம் போனபோது வழி நெடுக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம், நானும் மகளும். வீட்டில் 82, குஞ்சப்பனைக்குக் கீழே எண் ஏறிக்கொண்டே வந்து, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் 97. அவளுக்கு அது சென்சார் சோதனை என்பது நினைவில்லை, மலையை எண்ணிக்கொண்டு இறங்கியதுதான் நினைவிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் காரும் காலையில் பம்முகிறது என்று போன வாரம் ஸ்கேனரை வாங்கிப் போனார். காற்று 14, கூலன்ட் 14, அழுத்தம் 82. சென்சார் மூன்றும் சுத்தம். சூடான பிறகு ட்ரிம் ஐட்லிங்கில் 16, ரேஸ் செய்தால் 4. மெக்கானிக் அண்ணனிடம் இந்த எண்களை மட்டும் போனில் சொன்னோம். "கேஸ்கெட் பாக்கோணுங்க டீச்சர், நாளைக்கு வண்டிய ராத்திரியே இங்க விட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

பழைய சென்சார் இப்போது எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகள் அதையும் புதியதொன்றையும் ஒரே சொம்பில் இறக்கி, ஒரே வரைபடத்தாளில் இரண்டு கோடு வரைகிறார்கள். 80 டிகிரி பக்கம் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன, 40க்குக் கீழே பிரிந்துவிடுகின்றன.